ஐந்தாம் அங்கத்துக்கு ஒரு கதிரை

புருசெத்,
ஒஸ்லோ,
14 ஒக்ரோபர் 2024

தர்மினி,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபால்காரனை உன்னால் தடுக்க ஏலாது என்பதால் கையால் எழுதுகிறேன். கடைசியாக நான் கையால் எழுதியது எது என்று யோசித்துப் பார்த்தேன். 'மரக்கறி இன்று வந்தது' என்று கடை வாசலில் ஒட்டிய மட்டைதான். அதனால் எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். நோர்வேயின் வடக்கு உச்சியில் இருக்கிற உன் ஹம்மர்பெஸ்ட் நூலகத்தின் இணையத்தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்று உன் படம் போட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு நிற்கிறாய். ஒக்ரோபர் ஏழாம் திகதி வேலை தொடங்கியதாம். எங்கள் தமிழ் ஒன்றியத்தின் ஆண்டுவிழா ஐந்தாம் திகதி. அப்படியென்றால் அங்கே வேலையை எடுத்துவிட்டுத்தான் இங்கே மேடையில் ஏறியிருக்கிறாய். லில்லெஸ்ட்ரோம் நூலகத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஒருத்தருக்கும் ஒரு சொல் சொல்லாமல்.

நாடகத்தைப் பற்றிச் சனம் இன்னும் கடைக்கு வந்து சொல்கிறது. "அண்ணை, உங்கட தங்கச்சியின்ர நாடகம் திறம். துக்க நாடகம் எண்டு நோட்டீசில போட்டிருந்தியள், ஆனா கலியாணத்தில வடிவா முடிச்சிட்டா." நான் ஓம் ஓம் என்று சொல்லி அனுப்புகிறேன். ஐந்தாம் அங்கம் ஒன்று இருந்தது, அது நடக்கவில்லை என்று ஒருத்தருக்கும் தெரியாது. நீ கோபித்துக்கொண்டு ஓடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூட மண்டபம் ஆறு மணிவரைதான். அதற்குப் பிறகு கைப்பந்து விளையாடுகிற பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். சாவி வைத்திருக்கிற கிறிஸ்ரியன் ஆறு மணி என்றால் ஆறு மணி. அவன் லைற்றை அணைத்ததற்கு நான் என்ன செய்ய?

சிவானந்தன் கடைக்கு ஒழுங்காக வருகிறான். வந்த நாளிலிருந்து என்னோடு சேர்ந்து கடை நடத்துகிறவன், உன் புருசன், அவனுக்குக் கூடப் போகிற இடம் சொல்லவில்லை. சாப்பிட்டானா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறான். ஓம் என்று ஆட்டுகிறானா இல்லை என்று ஆட்டுகிறானா தெரியவில்லை.

விடுமுறைக்குப் போனதாகச் சனத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் பழுதாகமுன் வந்துவிடு.

குகநேசன்


ஹம்மர்பெஸ்ட்,
23 ஒக்ரோபர் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டதும் அதே அளவு பெரிது.

கைப்பந்துக்காரிகள் ஆறு மணிக்கு வருவார்கள் என்று நோட்டீஸ் அடிக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். விழா பிந்தித்தான் தொடங்கும் என்பதும் தெரியும். அதற்கும் இடம் விட்டுத்தான் நாடகத்தை வெட்டிக் குறுக்கியிருந்தேன். நாலாம் அங்கத்தில், நான் நடித்த செசீலியாவின் கலியாணம். கெட்டிமேளம் ஒலித்ததும் சனம் பழக்க தோசத்தில் எழும்பிவிட்டது. ஒன்றியத் தலைவர் இந்திரகுமாரின் மனைவி மேடைக்கே ஏறி வந்து, எனக்கும் மாப்பிள்ளையாக நடித்த இளங்கோவுக்கும் அறுகரிசி போட்டு "நல்லா இருங்கோ பிள்ளையள்" என்றா. அவவுக்குப் பின்னால் ஒரு வரிசை. செசீலியா அழுதுகொண்டு நிற்கிறாள், எல்லோரும் அவளுடைய தலையில் அரிசி போட்டுவிட்டுப் போகிறார்கள். அதையும் நான் மன்னித்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஐந்தாம் அங்கத்துக்குப் போதிய நேரம் இருந்தது.

பிறகு மைக்கை எடுத்தது கிறிஸ்ரியனா?

அனுசரணை தந்த நீங்கள் ஒரு நிமிடம் பேசுவதாகச் சொல்லி ஏறினீர்கள். ஒன்றியத்தின் வரலாறு சொன்னீர்கள். ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்குப் பொன்னாடை. ரோல்ஸ் பொரித்தவவுக்குப் பொன்னாடை. கார் நிறுத்த இடம் காட்டியவருக்குப் பொன்னாடை. கடைசியில் பையோடு கதவடியில் காத்து நின்ற கைப்பந்துக்காரி ஒருத்தியையும் மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தினீர்கள். சனம் கைதட்டியது. நான் திரைக்குப் பின்னால் நின்று ஐந்தாம் அங்கத்தின் முதல் வரியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாடகத்தை எழுதியவளைப் பற்றி ஒத்திகை நாளில் உங்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் ரோல்ஸுக்கு ஓடர் கொடுக்க எழும்பிப் போனீர்கள். இப்போது சொல்கிறேன். மாரன் டொரத்தெயா என்று பெயர். பேர்கனில் ஒரு கருவாட்டு வியாபாரியின் தங்கை. 1774இல் அச்சான புத்தகத்தின் அட்டையில் அவளுடைய பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி எழுதிய துன்பியல் நாடகம், ஐந்து அங்கங்களில்' என்று மட்டும் இருக்கிறது. உள்ளே பெயரோடு நிற்பவன் தமையன். ஆளுநருக்கும் அவருடைய மனைவிக்கும் பிஷப்புக்கும் அவன் எழுதிய சமர்ப்பணம் பக்கம் பக்கமாகப் போகிறது. நூலகத்தில் அதை முதலில் வாசித்தபோது, அந்தக் காலத்துப் பொன்னாடை என்று சிரித்தேன். அவனாவது தன் சமர்ப்பணத்தை நாடகத்துக்கு முன்னால் போட்டான். நீங்கள் நாலாம் அங்கத்துக்கும் ஐந்தாம் அங்கத்துக்கும் நடுவில் போட்டீர்கள்.

அவள் உயிரோடு இருந்தபோது அது மேடை ஏறவேயில்லை. இருநூற்றைம்பது வருசம் காத்திருந்து முதல்முறை ஏறியது புருசெத்தில். அங்கும் அவள் சொல்ல வந்ததைச் சொல்ல முன்னம் விளக்கு அணைந்துவிட்டது.

நீங்கள் மேடைப் பேச்சுக்காரர் இல்லை. மைக்கை நீட்டினால் இந்திரகுமாரின் பக்கம் தள்ளிவிடுகிற ஆள். நான் மொழிபெயர்த்த பிரதியை முழுதாக வாசித்தவரும் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு ஏன் பேசினீர்கள்?

தர்மினி


புருசெத்,
2 நவம்பர் 2024

தர்மினி,

கேட்டாய், சொல்கிறேன். பூசி மெழுக எனக்கு வராது. வேணுமென்றுதான் பேசினேன்.

முதல் கடிதத்தில் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். சரக்கு நல்லதா என்று வாங்குகிறவன் கேட்காதவரை விற்கிறவன் வாய் திறப்பதில்லை.

நடந்தது இதுதான். நாலாம் அங்கம் தொடங்கமுன் நடிக்கிற ஆட்களுக்கு வடையும் சோடாவும் கொண்டு உள்ளே வந்தேன். செசீலியாவின் கலியாணத்துக்கென்று நான் ஒரு இமிற்றேசன் தாலிக்கொடி தந்தேன் அல்லவா, டான்ஸ் பிள்ளைகளுக்கு நாங்கள் விற்கிறது. அது கண்ணாடிக்குப் பக்கத்தில் பக்கெற்றோடு கிடந்தது. மேலே குத்தின ஸ்ரேப்பிள் கம்பியைக் கூடக் கழட்டவில்லை. உன்னைப் பார்த்தேன். சேலைக்கு வெளியே உன் சொந்தக் கொடியை எடுத்து விட்டிருந்தாய். நான் நிறுத்துப் பார்த்து வாங்கின கொடி எனக்குத் தெரியாதா?

பிரதியை நான் வாசித்திருந்தேன். மூலத்தில் அந்தப் பெண் மணமகளின் கிரீடத்தைக் கழட்டித் தமையனின் முன்னால் வைத்துவிட்டுக் கடலில் விழுகிறாள். நீ கிரீடத்தைத் தாலியாக்கினாய். கடலை வெட்டினாய். அவள் வாசலால் வெளியே போகிறாள் என்று எழுதினாய். தமிழுக்காக மாற்றியிருக்கிறாய் என்று நினைத்தேன். பக்கெற்றைக் கண்டபோதுதான் விளங்கியது. கடலில் விழுகிற மாதிரி விட்டிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அது நாடகம். இது நாடகம் இல்லை. சனம் நிறைந்த மண்டபத்தில், புருசன் முன்வரிசையில் இருக்க, நீ உன் தாலியைக் கழட்டி என் காலடியில் வைக்கப் போகிறாய்.

எனக்குப் பக்கத்தில்தான் சிவா இருந்தான். வெள்ளைச் சேட்டு, தானே மினுக்கிப் போட்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அரைவாசிச் சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சேரமுன் ரொறன்ரோவில் பார்த்திருப்பார்கள்.

அதனால் ஏறினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பொன்னாடை முடிந்துபோனது. விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டியிலிருந்து மேசைவிரிப்பு எடுத்தேன். அந்த நோர்வேக்காரிக்குப் போர்த்தியது மேசைவிரிப்புத்தான். பாவம், தூசன் தக் என்று நன்றி சொல்லிக் கும்பிட்டாள். கிறிஸ்ரியன் லைற்றை அணைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்னொரு தரம் அந்தப் பக்கெற்றைக் கண்டால் இன்னும் நீட்டிப் பேசுவேன். அவன் உன்னை அடித்தானா? குடித்தானா? கதைக்கிறான் இல்லை, அவ்வளவுதானே. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சத்தம் குறைவாகத்தான் இருக்கும். அதற்குத் தாலியைக் கழட்டுவதென்றால் இந்த ஒஸ்லோவில் பாதிப் பேர் கழட்ட வேண்டும்.

அண்ணா


ஹம்மர்பெஸ்ட்,
17 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

கடலில் விழுந்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். அதில் நீங்கள் பொய் சொல்லவில்லை. மாரன் டொரத்தெயாவுக்கும் அது தெரிந்திருக்கும். பெண் செத்தால் சபை பொறுக்கும், எழும்பி வெளியே போனால் பொறுக்காது. அவளுடைய காலத்தில் செசீலியாவுக்குக் கடலைத் தவிர வேறு வாசல் இல்லை. எனக்கு விமானம் இருந்தது.

கதைக்கிறான் இல்லை, அவ்வளவுதானே என்கிறீர்கள். அது எவ்வளவு என்று உங்களுக்கு நான் மூன்று தரம் சொல்ல வந்தேன்.

முதல் தரம் கடையின் பின்னறையில். சிவானந்தன் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார், சண்டை ஒன்றும் இல்லை, ஒரு நாள் நின்றது, பிறகு தொடங்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் எழும்பிப் போய் வாசலைத் திறந்தீர்கள். அடுத்த கிழமை வீட்டுக்குப் புதுச் சோபா வந்தது. இரண்டாம் தரம் லில்லெஸ்ட்ரோம் ஸ்டேசனில், உங்கள் காருக்குள். போன் வந்தது. கதைத்துக்கொண்டே இறங்கிப் போய், கதைத்துக்கொண்டே திரும்பி வந்து, "என்ன சொல்லிக்கொண்டிருந்தனி, ரெயின் வரப்போகுது" என்றீர்கள். மூன்றாம் தரம் உங்களுக்குப் பித்தப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில். எழும்ப ஏலாத இடம் என்று நினைத்து வந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நித்திரை கொள்கிற ஆளின் இமை அப்படித் துடிக்காது.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன், என் அண்ணன் எங்கே எழும்ப மாட்டார் என்று. கழுத்தில் மாலையோடு, விழாவின் முன்வரிசையில். அங்கே எழும்பினால் மரியாதை இல்லை. இருந்துதான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் நாடகம். அதற்காகத்தான் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்து மொழிபெயர்த்தேன். நீங்கள் எழும்பவும் வழி கண்டுபிடித்தீர்கள். எழும்பி வெளியே போகாமல் மேடைக்கு ஏறினீர்கள்.

சபையில் உங்களை வெட்கப்படுத்த நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் நினைத்தேன்.

இத்தோடு கொடி வருகிறது. பதிவுத் தபாலில் போடுகிறேன். தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்விப்பது. சிவானந்தனிடம் அப்போது ஒன்றும் இல்லை என்று நீங்களே செய்வித்தீர்கள். அதனால் யாருக்கு அனுப்புவது என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்று. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மீன் தொழிற்சாலைக்கு வந்து தங்கியவர்கள். லோறன்ஸ் அண்ணன் என்று ஒருவர், இப்போது ஓய்வில் இருக்கிறார், தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தின் சாவி அவரிடம் இருக்கிறது. டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை மத்தியானம் அங்கே நாடகம். ஐந்தாம் அங்கம் மட்டும். முன்கதையை அவரே சொல்லித் தொடங்கி வைப்பார். கடனில் மூழ்கிய ஹென்றிக், கடைசிக் கப்பலைச் செலுத்த ஆள் வேண்டும் என்று தன் தங்கை செசீலியாவைக் கப்பல் தலைவனுக்குக் கட்டிக்கொடுத்தான், அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் முதல் நாலு அங்கமும். பொன்னாடை இல்லை. விளக்கேற்றல் இல்லை. இந்தமுறை கழுத்தில் இமிற்றேசன்தான், சொந்தக் கொடி உங்களிடம் இருக்கிறது. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை.

முன்வரிசையில் ஒரு கதிரை உங்களுக்குப் போட்டிருக்கும். வாருங்கள் என்று கெஞ்ச மாட்டேன்.

தர்மினி


புருசெத்,
30 நவம்பர் 2024

தர்மினி,

வர மாட்டேன். நத்தார் பண்டிகை வியாபாரத்தை விட்டுவிட்டு இருட்டுக்குள் நாட்டின் உச்சிக்கு வந்து நாடகம் பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

பொதி வந்த நேரம் கடையில் ஆள் நின்றது. கொடியை முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். உன் கடிதத்தில் அவனைச் சிவானந்தன் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறாய். முந்தி அவர் இவர் என்றுதான் எழுதுவாய். அதைப் பார்த்தபோதே கொடி உன் கழுத்துக்குத் திரும்பிப் போகாது என்று விளங்கிவிட்டது.

சனம் குறைந்த நேரம் பார்த்து அவனிடம் காட்டினேன். நீ அனுப்பினாய் என்றேன். அவன் பார்த்தான். "அப்ப சரி" என்றான். போய்க் குளிர்பெட்டியில் பால் அடுக்கத் தொடங்கினான். நான் பின்னாலேயே போனேன்.

"மனுசி கொடியைக் கழட்டி அனுப்பியிருக்கிறாள். வேற ஒண்டும் கேக்கிறதுக்கு இல்லையோ உனக்கு?"

திகதியைப் பார்த்துப் பார்த்துப் பழைய பாலை முன்னுக்கு வைத்தான்.

அன்றிலிருந்து என்னோடும் கதைக்கிறான் இல்லை. கோபம் என்றால் முகத்தில் தெரியும். அதுவும் இல்லை. வருகிறான், திறக்கிறான், அடுக்குகிறான், பூட்டுகிறான். நான் கேட்டால் சாமானைக் காட்டுகிறான். பகல் முழுக்க ஒரே கடைக்குள் நிற்கிறோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு றேடியோ வாங்கி வைத்தேன்.

நீ வீட்டில் றேடியோ வைத்திருந்தாயா?

அண்ணா


ஹம்மர்பெஸ்ட்,
16 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

றேடியோ எல்லா அறையிலும் இருந்தது. குளியலறையிலும்.

நாடகம் நடந்தது. இங்கே இப்போது சூரியன் எழும்புவதில்லை, மத்தியானத்திலும் தெருவிளக்கு எரியும். அதற்கும் சனம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூட. பிலிப்பினோக்காரர் சிலர், நூலகத்து ஆட்கள், தமிழ்க் குடும்பங்கள் எல்லாம். லோறன்ஸ் அண்ணன் முன்கதையைச் சொல்லும்போது ஹென்றிக்கை 'எங்கட ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் மாதிரி ஒரு ஆள்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹென்றிக் வேடத்துக்கு ஆள் தேடவில்லை. உங்கள் கதிரையே போதும் என்று நினைத்தேன். மேடையிலிருந்து இறங்கி வந்து அதற்கு முன்னால் நின்று சொன்னேன். சனம் முதலில் கதிரையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு கதிரையை மட்டும்தான் பார்த்தது. ஒரு பிள்ளை கூட அழவில்லை. கழட்டி வைத்தது உங்கள் கடைச் சாமான்தான், ஆனாலும் கதிரையில் அது விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஒரு இடத்தில், பிரதியில் இல்லாத ஒரு சொல் என் வாயில் வந்துவிட்டது. அது என்ன என்று எழுத மாட்டேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

முடிந்த பிறகு பிலிப்பினோக்காரி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எப்படி விளங்கியது என்று கேட்டேன். எனக்கும் தமையன் இருக்கிறார் என்றாள்.

நீங்கள் வரவில்லை என்று நான் அழவில்லை. கதிரை உங்களைவிட நல்லது அண்ணா. நான் சொல்லி முடிக்கும்வரை அது எழும்பிப் போகவில்லை.

தர்மினி


புருசெத்,
21 டிசம்பர் 2024

தர்மினி,

நான் வந்தனான்.

அல்ரா என்கிற ஊர்வரை விமானம், அங்கிருந்து பஸ். கடைக்குச் சரக்குப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். எங்கே என்று சிவா கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அப்படி வசதியாக இருந்ததை நினைக்கப் பிறகு பஸ்ஸுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

மண்டபத்து வாசலில் ஜாக்கெட்டுகள் கொழுவுகிற, ஒழுங்கை மாதிரி ஒரு நடை இருக்கிறது அல்லவா, அங்கே நின்றேன். கதவு அரைவாசி திறந்திருந்தது. முன்வரிசைக் கதிரையைக் கண்டேன். வரலாம் என்றுதான் இருந்தது. ஆனால் லோறன்ஸின் கையில் மடித்த துணி ஒன்று இருந்தது. பொன்னாடை இல்லை என்று நீ எழுதினாலும் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். என்னைக் கண்டால் போர்த்தியிருப்பார்கள், போர்த்தினால் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருப்பார்கள். அதைச் சாட்டாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நின்று கேட்டேன். பிரதியை வாசித்த ஆள் என்பதால் அடுத்தது என்ன வரும் என்று தெரியும். கப்பலைப் பற்றிச் சொன்னாய். கலியாண விருந்தில் யார் யாருக்கு எந்த இடம் என்று தமையன் பார்த்த அக்கறையைப் பற்றிச் சொன்னாய். சரி, அதெல்லாம் வாசித்ததுதான், தாங்கலாம். பிறகு அவள் கேட்கிற கேள்விக்கு முன்னால், 'ஹென்றிக், திரும்பி என்னைப் பார்' என்று வர வேண்டிய இடம். அந்த நாடகத்தில் அவள் தமையனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அவர்களுடைய வழக்கம். நீ ஹென்றிக் என்று சொல்லவில்லை.

"அண்ணா" என்றாய்.

நான் வெளியே போய்விட்டேன்.

ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரிந்தால் எழுதுவேன். கால் போனது, நான் போனேன். பஸ் தரிப்புக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், யாரோ ஒருவருடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். என்னுடையது அங்கே கொழுவிக் கிடக்கிறது. திரும்பிப் போய் எடுக்கவில்லை. அந்த ஆள் குளிருக்குள் எப்படி வீட்டுக்குப் போனாரோ தெரியாது. கழுவி, மடித்து, இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தேன்குழல் ஒரு பக்கெற்றும் இருக்கிறது. ஆளைத் தேடிக் கொடுத்து நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கொடி என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உருக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வா என்று இனிச் சொல்ல மாட்டேன். சனம் கேட்டால் விடுமுறை என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். தங்கச்சி அங்கே வேலை செய்கிறாள், தனிய இருக்கிறாள் என்று சொல்கிறேன். அதற்கு மேல் கேட்டால் என்ன வேணும் உங்களுக்கு, அரிசியா மாவா என்கிறேன்.

ஒரு உதவி செய். 'அண்ணா' என்றதற்குப் பிறகு என்ன சொன்னாய்? பிரதியில் இருக்கிறதைத்தான் சொன்னாயா, வேறு ஏதாவதா? பிரதியை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஹென்றிக்குக்குச் சொல்கிற மாதிரித்தான் இருக்கிறது. எனக்குச் சொன்னதை எழுதி அனுப்பு.

அண்ணா


ஹம்மர்பெஸ்ட்,
3 ஜனவரி 2025

அண்ணாவுக்கு,

ஜாக்கெட் லோறன்ஸ் அண்ணனுடையது. அன்றைக்கு அவர் மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். நீங்கள் அவருடைய கையில் கண்ட துணி அதுதான், தேத்தண்ணி மேசைக்குக் கொண்டுவந்தது. ஒருத்தருக்கும் பொன்னாடை போர்த்துகிற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. உங்கள் மன்னிப்பை அவரிடம் சேர்த்துவிட்டேன். பரவாயில்லை என்று சொன்னார். எனக்கென்று பெட்டிக்குள் ஒரு மன்னிப்பும் இருக்கவில்லை. அடியில் தேடியும் பார்த்தேன்.

உங்களுடைய ஜாக்கெட் இன்னும் அந்த ஒழுங்கையில் கொழுவிக் கிடக்கிறது. இத்தனை நாளும் அதைக் கடந்துதான் உள்ளே போய் வந்திருக்கிறேன். யாருடையது என்று தெரியாமல்.

நான் சொன்னதை எழுதி அனுப்ப மாட்டேன். எழுதினால் மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஆள் இல்லாத நேரம் இரண்டு வரி வாசித்து, ஆள் வந்ததும் மடித்து வைப்பீர்கள். வாசிக்கிறவர் எந்த இடத்திலும் எழும்பலாம். அதனால்தான் மாரன் டொரத்தெயா கடிதம் எழுதாமல் நாடகம் எழுதினாள் என்று நினைக்கிறேன்.

இருபத்தோராம் திகதியளவில் இங்கே சூரியன் திரும்பி வரும். அதை அடுத்த சனிக்கிழமை அதே மண்டபத்தில் இன்னொரு முறை போடுகிறோம். ஐந்தாம் அங்கம் மட்டும், அதே கதிரை. ஜாக்கெட்டை எடுக்க வருவதென்றால் எந்த நாளும் வரலாம், சாவி லோறன்ஸ் அண்ணனிடம் இருக்கும். நாடகத்துக்கு வருவதென்றால் ஒழுங்கையில் நிற்க வேண்டாம்.

இருந்து கேக்க ஏலாட்டி வராதேங்கோ.

தர்மினி